மோட்டார் எஞ்சினுள் படியும் கரியும் அதனை அகற்றும் முறைகளும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள் பெட்ரோல் காற்றுடன் கலந்து எரிகின்றது. இவ்வெரிதல் முழுமையாக நடைபெறின் கரியமில வாயுவும் நீராவியுமே பெரும்பாலும் எஞ்சும். நடைமுறையில் அது முழுமை பெறுவதில்லை. எரியாது நின்ற எரிபொருளின் சிறு பகுதியும், பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து மேலேறும் எண்ணெயும், சூடேறிய உலோகப் பரப்பின்மீது பட்டுக் கருகுகின்றன. அவை முதலிற் பிசின் போன்ற படலமாகி, நாளடைவில் இறுகிக் கரிய ஓடாகப் படிகின்றன. இதனையே பட்டறைத் தொழிலாளர் "கார்பன் பிடித்தல்" என்பர். பிஸ்டனின் தலைப்பாகம், சிலிண்டர் ஹெட்டின் உட்புறம், வால்வுகள், ரிங் பள்ளங்கள் ஆகியவை இது படியும் முக்கிய இடங்களாம்.

எல்லா எஞ்சின்களிலும் ஓரளவு கரி படிதல் இயல்பே. எனினும், அது எவ்வளவு விரைவில், எத்துணைக் கனமாகப் படியும் என்பது வண்டி ஓடும் இடத்தையும் ஓட்டும் முறையையும் பொறுத்தது. இதனை விளக்கக் கோலார் தங்கவயல் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கோலார் தங்கவயலின் நிலைமை

தங்கவயல் கடல் மட்டத்திற்குச் சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. பழைய கார்புரேட்டர் எஞ்சினில் காற்றின் அடர்த்தி குறையுமளவுக்குப் பெட்ரோலின் அளவு குறைவதில்லை. ஆகவே, சென்னையிற் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டருடன் இங்கு ஓடும் வண்டியில் கலவை சுமார் 4 விழுக்காடு செறிவு மிகுந்துவிடும். மிகுதியான பெட்ரோலுக்குப் போதிய பிராணவாயு கிடைக்காமையால் புகைக்கரி தோன்றுகின்றது. மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் இக்கால வண்டிகள் இவ்வேறுபாட்டைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் குறுந்தொலைவு ஓட்டமாகும். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூர் மக்களுட் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். வீட்டிலிருந்து மாரிக்குப்பம் போன்ற ரயில் நிலையம் வரை சில நிமிடங்களே ஓடி, அங்குப் பகல் முழுதும் நின்று, இரவில் மீண்டும் சில நிமிடங்களே ஓடும் வண்டியின் எஞ்சின் தனக்குரிய சூட்டை எய்துவதே இல்லை. குளிர்ந்த சுவரிற் பெட்ரோல் ஆவியாகாது ஒட்டிக்கொள்கின்றது. எண்ணெயும் நீர்த்துக் கெடுகின்றது. மைசூருக்குச் சென்று திரும்பும் வண்டியைவிட இத்தகைய வண்டியிலேயே கரி விரைந்து படியும்.

மூன்றாவது காரணம் புழுதி. தங்கம் பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய நுண்பொடி 3 கோடி டன்னுக்கு மேல் சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கின்றது. அரைக்கப்பட்ட பாறையாகிய இதில் கடினமான படிகக்கல் மிகுதி. உலர்காற்று வீசும்போது எழும் இத்தூள், கிழிந்த காற்று வடிகட்டியின் வழியே எஞ்சினுட் புகுமாயின், எண்ணெய்ப் பசையுள்ள கரியில் ஒட்டி, உப்புத்தாள் போல் சிலிண்டரைத் தேய்க்கும். தேய்ந்த ரிங்குகளின் வழியே எண்ணெய் மேலும் ஏறும். அதனாற் கரி மேலும் மிகும். இவ்வாறு ஒரு குறை மற்றொன்றை வளர்க்கின்றது.

கரியால் விளையும் தீங்குகள்

ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 400 கன சென்டிமீட்டர் என்றும், எரியறையின் கொள்ளளவு 50 கன சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். அழுத்த விகிதம் 450ஐ 50ஆல் வகுக்கக் கிடைக்கும் 9 ஆகும். எரியறையில் 2 கன சென்டிமீட்டர் இடத்தைக் கரி பிடித்துக்கொள்ளின், அவ்விகிதம் 448ஐ 48ஆல் வகுக்க, 9.3க்குச் சற்று மேலாக உயரும். அன்றியும், கரி வெப்பத்தை எளிதிற் கடத்தாது; அதன் முனைகள் தணல் போற் கனன்று நிற்கும். இவ்விரு காரணங்களாலும் கலவை முறைதவறி வெடிக்கின்றது. மேட்டில் ஏறுகையிற் கேட்கும் "டக் டக்" என்னும் ஓசை இதன் அறிகுறியே. இதனைப் பொருட்படுத்தாது ஓட்டின் பிஸ்டன் உடைதலும் கூடும்.

வால்வின் இருக்கையிற் கரி சிக்கினால் வால்வு சரிவர மூடாது. வெம்மையான வாயு அவ்விடைவெளி வழியே பாய்ந்து வால்வின் விளிம்பை எரித்துவிடும். ரிங்குகள் பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளின் எண்ணெய்ச் செலவு மிகும், நீலப்புகை தோன்றும்.

ஹெட்டைக் கழற்றுமுன் செய்யத்தக்க சோதனை

ஹெட்டைக் கழற்றுதல் செலவு மிகுந்த வேலை. ஆகவே, அது தேவைதானா என்பதை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்குகள் யாவற்றையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவியால் அளக்க வேண்டும். அழுத்தம் குறிக்கப்பட்ட அளவைவிட மிகுந்திருப்பின் எரியறையிற் கரி படிந்துள்ளது எனக் கருதலாம். குறைந்திருப்பின், பிளக் துளை வழியே ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். இப்போது அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்குகளிலும், உயராவிடின் வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ உள்ளது. இச்சோதனையின்றி ஹெட்டைத் திறக்க ஒப்புதல் வீண் செலவேயாகும்.

அகற்றும் முறைகள்

கரி மெல்லியதாயின் கரைப்பான் போதும். அதற்கெனத் தயாரிக்கப்பட்ட திரவத்தை அல்லது நுரையைப் பிளக் துளைகளின் வழியே செலுத்தி, தயாரித்தவர் குறித்த நேரம் ஊறவிட வேண்டும். பின்னர், எஞ்சிய திரவத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்து, பிளக்குகளை மாட்டாமலே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். திரவம் தேங்கிய சிலிண்டரில் பிளக்கை மாட்டிச் சுழற்றின், அமுங்காத அத்திரவம் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். இறுதியில் எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுதல் இன்றியமையாதது.

கரி கனத்து இறுகியிருப்பின் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதே வழி. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டிற் கழற்றின் ஹெட் கோணும். சுத்தம் செய்யும் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, மற்றச் சிலிண்டர்களையும் நீர், எண்ணெய் வழிகளையும் துணியால் அடைத்து, பிஸ்டனின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். உதிரும் கரியை அது பிடித்துக்கொள்ளும். அலுமினியம் மென்மையானதாகலின் மரத்தகடு அல்லது பித்தளைத் தகட்டாலேயே சுரண்ட வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுமாதலால் அதனை அறவே விலக்குக. தேய்ந்த பழைய எஞ்சினில் பிஸ்டன் விளிம்பை ஒட்டிய மெல்லிய கரி வளையத்தை அகற்றாது விடுவது தேர்ந்த தொழிலாளர் வழக்கம்; அது எண்ணெய் மேலேறுவதைத் தடுக்கும். வால்வுகளைக் கழற்றும்போது எது எவ்விடத்தது எனக் குறித்துவைத்து, அவ்வவ்விடத்திலேயே பொருத்துக. புதிய காஸ்கெட் இட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்குக.

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆதலின் அவற்றின் பின்புறம் கரி மிகுதியாகப் படியும். இவற்றை வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றுடன் பீய்ச்சித் துடைப்பர். கரித்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. எனவே, எம்முறையாயினும் முகமூடியும் கையுறையும் அணிந்தே செய்தல் வேண்டும்.

தடுக்கும் வழிகள்

கரியை அகற்றுவதினும் அது படியாமற் காத்தல் எளிது. ரயில் நிலையம் வரை மட்டும் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் நெடுஞ்சாலையிற் சீரான வேகத்தில் ஓட்டுக. மேடுகளுக்கு அருகில் வாழ்வோர் காற்று வடிகட்டியை அடிக்கடி சோதித்து, குறித்த தவணைக்கு முன்னரே மாற்றுதல் நலம். எஞ்சினை வீணே நிறுத்தத்தில் ஓடவிடலாகாது. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தங்கவயல் தொழிற்சாலையில் உருவாகும் புல்டோசர்கள் போன்ற பெரும் டீசல் எந்திரங்களுக்கும் இவ்விதி பொருந்தும். சுமையின்றி நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சினின் பீச்சுக்குழல் முனையிற் கரி திரண்டு எரிபொருளின் தெளிப்பைக் குலைக்கும்.

சுருங்கக் கூறின், கரி ஒரு விளைவேயன்றி மூலக் குறையன்று. செறிந்த கலவை, குளிர்ந்த ஓட்டம், கிழிந்த வடிகட்டி, தேய்ந்த ரிங் ஆகியவற்றுள் எது காரணம் என்று கண்டு நீக்காது கரியை மட்டும் சுரண்டின், அது மீண்டும் படியும். செலவும் மீண்டும் வரும்.