ஏசி மெக்கானிக் வாத்தியார் ஆகலாமா?

கேள்வி: பல வருடமாக ஏசி ரிப்பேர் செய்கிறேன். ஐடிஐயில் பாடம் எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டுமா?

பதில்: அவசியம் வேண்டும். சிஐடிஎஸ் என்ற ஓராண்டுப் பயிற்சியே அதற்காக இருக்கிறது. உங்கள் கை தானாகச் செய்வதை மாணவனுக்குப் பிரித்துக் காட்ட அங்கே பழகுவீர்கள். ‘வேக்கம் போடு’ என்றால் போதாது. குழாயில் தங்கும் ஈரம் கேப்பிலரியில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும். கேஜ் முள் இறங்கியதும் பம்ப்பை நிறுத்துபவனிடம் மைக்ரான் மீட்டரைக் காட்டி, 500க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஏசி கேஸ்களில் ஆர்-22 தீப்பற்றாது, ஆர்-32 பற்றும். ஆர்-290 புரொப்பேனேதான், சட்டென்று பிடித்துக்கொள்ளும். கேஸை முழுதாக எடுக்காமல் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், வகுப்பு முழுவதும் அதையே கற்றுக்கொள்ளும். தயவுசெய்து அதை இன்றே விடுங்கள்.