ஓசிடி: பெயர் வந்த கதையும் நோய் வந்த வழியும்

● "எனக்குக் கொஞ்சம் ஓசிடி, மேஜையில் பேனா கோணலாக இருந்தால்கூடப் பிடிக்காது" என்று எங்கள் அலுவலகத்தில் பலரும் சொல்கிறார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், ஈரோடு

ஜெர்மன் மொழியிலிருந்து. ஒருவருக்குக் கொஞ்சமும் வேண்டாத ஒரு நினைப்பு, "இது அபத்தம்" என்று அவருடைய அறிவே சொல்லியும் விலகாமல், மனசில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1877-ல் கார்ல் வெஸ்ட்பால் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விளக்கி எழுதினார். அவர் பயன்படுத்திய சொல்லில் இருந்த 'ட்ஸ்வாங்' என்பதற்குக் கட்டாயம், நிர்ப்பந்தம் என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போனபோது லண்டனில் 'அப்செஷன்' என்றார்கள். நியூயார்க்கில் 'கம்பல்ஷன்' என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் 'அப்செசிவ் கம்பல்சிவ் டிஸ்ஆர்டர்'. அப்செஷனுக்கு வேரான லத்தீன் சொல்லுக்கு, கோட்டையை முற்றுகையிடுவது என்று பொருள் உண்டு. தமிழில் 'எண்ணச் சுழற்சி நோய்' என்கிறோம். எனக்கு இந்தத் தமிழ்ப் பெயரே பிடித்திருக்கிறது. எண்ணம் வரும், பயம் வரும், பயம் தணிய ஒரு செயல், கொஞ்சம் நிம்மதி, மறுபடி அதே எண்ணம். நோய் சுற்றுகிற வட்டம் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள். பேனாவை நேராக வைத்தால் அவர்களுக்குத் திருப்தி கிடைக்கிறது. இந்த நோய் உள்ளவருக்கு அந்தத் திருப்திதான் கிடைப்பதில்லை. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் வருகிற நோய் இது. உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் காதில் விழும்படி இதை ஒரு பழக்கத்துக்குப் பெயராகச் சொல்ல வேண்டாம்.

● இது இந்தக் காலத்து டென்ஷனால் வந்த வியாதிதானே? நம் தாத்தா பாட்டி காலத்தில் ஏது?
– ஒரு வாசகர், மதுரை

இருந்தது ஐயா. மருத்துவரிடம் போகும் முன்னால் அது சாமியாரிடமும் பாதிரியாரிடமும் போய் நின்றது, அவ்வளவுதான். கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்குப் பழைய பெயர் 'ஸ்க்ரூபிள்'. லத்தீனில் 'ஸ்க்ரூபுலுஸ்' என்றால் கூரான சிறு கல். செருப்புக்குள் புகுந்த கல்லோடு நடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா, 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, சொல்லி முடித்த பாவங்களையே "சரியாகச் சொன்னோமா" என்ற சந்தேகத்தில் மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்து வதைபட்டார்.

இங்கிலாந்தின் ஜான் பன்யன் இன்னும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 'மோட்ச பிரயாணம்' எழுதிய அதே பன்யன். 1666-ல் வெளிவந்த தன் ஆன்மிக வரலாற்றில், "கிறிஸ்துவை விற்றுவிடு" என்ற நினைப்பு சாப்பிடும்போதும் குனிந்து ஊசி எடுக்கும்போதும் வந்து குத்தியதைச் சொல்கிறார். "மாட்டேன், மாட்டேன்" என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். கையாலும் முழங்கையாலும் எதையோ தள்ளுவது போலச் செய்வாராம். தேவாலய மணி தலையில் விழுந்துவிடும் என்று பயந்து தூலத்தின் கீழே நின்றார். அங்கும் பயம் வரவே வாசலுக்குப் போனார். பிறகு கோபுரமே சாய்ந்துவிடும் என்று அங்கிருந்தும் ஓடினார்.

என்னை அதிகம் நெகிழவைத்தவர் ஜான் மூர் என்ற ஆங்கிலேய பிஷப். 1690-களின் தொடக்கத்தில் அரசி மேரியின் முன் ஒரு பிரசங்கம் செய்தார். வழிபாட்டின் நடுவே கெட்ட நினைப்பும் தெய்வ நிந்தனையும் மனசில் பாய்வதாக அழுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களே என்றார். கெட்டவர்களுக்கு இந்த வேதனை தெரியாது என்றார். அந்த நினைப்போடு மல்லுக்கு நிற்காதீர்கள்; எதிர்த்தால் பெருகும், கண்டுகொள்ளாமல் விட்டால் தேய்ந்துபோகும் என்றார். இன்றைய மனநல மருத்துவர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

மருத்துவ நூலுக்குள் இந்த நோய் தெளிவாக வந்தது 1838-ல். பிரான்சின் எஸ்கிரோல் என்ற மருத்துவர், 'எஃப்' என்ற முதலெழுத்தால் மட்டும் குறித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர்கள் பொருள் எதையாவது தன் பையில் எடுத்துவந்துவிடுவோமோ என்று 18 வயதில் வந்த ஒரு சந்தேகம். அது கணக்கெழுதும்போது பிழை வருமோ என்று வளர்ந்தது. காசைத் தொட்டால் விரலில் ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று முற்றியது. தன் பயம் பொருளற்றது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் 'சந்தேகப் பைத்தியம்' என்றே அழைத்தார்கள். 'பைத்தியம்' தவறு; 'சந்தேகம்' மிகச் சரி.

● என் அப்பா கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று பத்துத் தடவை போய்ப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கை கழுவிக்கொண்டே இருக்கிறார். இரண்டும் ஒரே நோயா? பத்துத் தடவை பார்த்தும் ஏன் நம்பிக்கை வருவதில்லை?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

வேஷம் வேறு, நோய் ஒன்று. தீட்டும் அழுக்கும் கிருமியும் பற்றிய பயம் ஒரு வகை. பூட்டு, கேஸ், ஸ்விட்ச் என்று சரிபார்ப்பது இன்னொரு வகை. பொருள்கள் ஒரு சீராக அமையாவிட்டால் 'சரியில்லை' என்று உடம்பே தவிப்பது மற்றொன்று. வெளியே எதுவும் தெரியாமல், மனசுக்குள்ளேயே எண்ணுவதும் மந்திரம் போல ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்வதும் "நான் அப்படிப்பட்டவனா" என்று நாள் முழுக்கத் தன்னையே விசாரிப்பதும் உண்டு. பார்க்க யாருக்கும் தெரியாததால், பலரும் கடைசி வகையை நோயென்றே அறிவதில்லை. ஒருவருக்கே இரண்டு மூன்று வகை சேர்ந்தும் வரும். வயதோடு மாறியும் வரும்.

உங்கள் இரண்டாவது கேள்வி அருமையானது. நெதர்லாந்தில் 2003-ல் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான மாணவர்களிடம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்கள் நினைவு பிழைபடவில்லை. ஆனால் அந்த நினைவு மங்கலாகிப்போனது. அதன்மேல் நம்பிக்கையும் குறைந்தது. ஆக, சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அப்பா போய்ப் பார்க்கிறார். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடுகிறது.

இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதைத் தடுப்பதில்தான் சிகிச்சையும் பிறந்தது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பயந்த பொருளைத் தொடவைத்து, அதன்பின் கழுவ விடாமல் தடுத்து இரண்டு நோயாளிகளைத் தேற்றினார். வார்டில் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார்கள். கழுவாமலே பயம் தானாக இறங்கியது. இன்று இதையே மெதுவாக, நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாகச் செய்கிறார்கள். மருந்துகளும் உண்டு; அந்த வரிசையில் முன்னோடி க்ளோமிப்ரமின். ஆனால் அப்பாவிடம் "மூடியாச்சுப்பா, நான் பார்த்தேன்" என்று பத்துத் தடவை நீங்கள் சொல்வதும் பதினோராவது சரிபார்ப்பாகவே ஆகிவிடும். கோபப்படாமல், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

● எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு காட்சி கண்முன் வருகிறது. அரிவாள்மனையை மாமியார் வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். குழந்தையோடு தனியாக இருக்கப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. நான் கொலைகாரியா?
– பெயர், ஊர் வேண்டாம்

இல்லை சகோதரி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு வரியிலும் குழந்தையின்மேல் உள்ள பாசம்தான் தெரிகிறது. இந்த நோய், ஒருவர் எதை உயிராக நினைக்கிறாரோ அங்கேதான் போய்க் குத்தும். பக்தியுள்ள பன்யனுக்குக் கிறிஸ்து. உங்களுக்குப் பிள்ளை.

ஸ்டான்லி ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் லண்டனிலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத மனிதர்களில் பெரும்பாலோருக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வந்து போகின்றன என்று கண்டார்கள். நோயாளியின் எண்ணம் எது, மற்றவருடையது எது என்று நிபுணர்களாலேயே எளிதில் பிரிக்க முடியவில்லை. மற்றவர்கள் "சீ" என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதைப் பிடித்துவைத்து விசாரித்தீர்கள். அரிவாள்மனையைத் தூக்கிக் கொடுத்தீர்கள். அந்த நிம்மதி எத்தனை நாள் நின்றது? பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் தலைகாட்டுவதும் தீவிரமாவதும் மருத்துவர்கள் நன்றாக அறிந்ததே.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "செய்" என்று குரல் கேட்டாலோ, செய்வதுதான் சரி என்று தோன்றத் தொடங்கினாலோ, அது வேறு நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது அப்படி இல்லை. ஆனாலும் இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.