அழுகிறவர்களுக்கும் நம்பிக்கை உண்டு

வேத பாடம்
வாசிக்க: யோவான் 11:1-44, 1 தெசலோனிக்கேயர் 4:13-18





இதை வாசிக்கிறவர்களில் புருஷனை இழந்தவர்கள் உண்டு. பெற்ற பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் நம்முடைய ஜனங்கள் வழக்கமாய்ச் சொல்கிற இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, "அழாதீங்க சிஸ்டர், விசுவாசிங்க அழக்கூடாது, சாட்சி கெட்டுப்போகும்." மற்றொன்று அதைவிடக் கொடியது: "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருந்தா பிழைச்சிருப்பாரே!" ஆறுதல் சொல்லப் போனவர்கள்தான் இதைச் சொல்லுகிறார்கள். கேட்டவர்களோ வருஷக்கணக்காய் அதைச் சுமக்கிறார்கள். வேதம் இப்படிச் சொல்லுகிறதா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

1. அழுகை அவிசுவாசம் அல்ல

விசுவாசிகளின் தகப்பனாகிய ஆபிரகாம் சாராளுக்காக அழுதான் (ஆதி. 23:2). மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் துக்கம் கொண்டாடினார்கள் (உபா. 34:8). ஸ்தேவான் வானம் திறந்திருக்கிறதைக் கண்டு மரித்தவன். அவன் எங்கே போனான் என்பதில் சபைக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவனை அடக்கம்பண்ணினவர்கள் மிகவும் புலம்பினார்கள். அவர்களைத் தேவபக்தி உள்ளவர்கள் என்றே லூக்கா எழுதுகிறார் (அப். 8:2).

இவர்கள் எல்லாரையும்விட மேலாக, பெத்தானியாவில் நம் ஆண்டவரே அழுதார். கவனியுங்கள்: லாசருவை எழுப்பப்போகிறேன் என்று அவருக்கு முன்னமே தெரியும் (யோவா. 11:11). கொஞ்ச நேரத்தில் கல்லறை திறக்கப்போகிறது. அப்படியிருந்தும் கண்ணீர் விட்டார். 33-ம் வசனத்தில் அவர் கலங்கினதைச் சொல்லுகிற கிரேக்கச் சொல்லில் கோபத்தின் சாயலும் இருக்கிறது; குதிரை சீறுவதற்கும் அந்தச் சொல் வழங்கியது. மரணம் அவருக்குச் சாதாரண விஷயமாய்த் தோன்றவில்லை. அதைச் சத்துருவாகவே பார்த்தார். உடனே எழுப்பப்போகிறவரே அழுதாரென்றால், அந்த நாளுக்காக வருஷங்கள் காத்திருக்கிற நாம் அழக்கூடாதா?

தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினதையும் நிதானமாய் வாசியுங்கள். துக்கமே படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை. நம்பிக்கையில்லாதவர்கள் துக்கப்படுகிற விதமாய்த் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார். ஆகவே துக்கம் இரண்டு விதம். ஒன்று கல்லறையோடு முடிகிறது. மற்றொன்று கல்லறைக்கு அப்பால் பார்க்கிறது. கண்ணீர் இரண்டிலும் உண்டு.

2. விசுவாசக் குறைவினால்தான் மரித்தாரா?

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். வியாதியஸ்தர்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறோம். கர்த்தர் சுகமாக்குகிறதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஸ்தோத்திரம்! ஆனால் அதே வேதத்தில் அப்போஸ்தலர் 12-ம் அதிகாரமும் இருக்கிறது. அங்கே யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டான். அதே ஏரோதின் சிறையிலிருந்து பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவந்தான். ஒரே சபை, ஒரே கர்த்தர். யாக்கோபின் தாயிடம் போய், "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

எலியாவின் ஆவியில் இரட்டிப்பான பங்கைக் கேட்ட எலிசா வியாதிப்பட்டுத்தான் மரித்தான் (2 இராஜா. 13:14). அவன் எலும்புகள்மேல் பட்ட பிரேதமோ உயிரடைந்தது! எபிரெயர் 11-ம் அதிகாரத்தில் மரித்தவர்களை உயிரோடே திரும்பப் பெற்ற ஸ்திரீகளும் உண்டு, வாளால் அறுப்புண்டவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தாருக்கும் விசுவாசத்தினாலே நற்சாட்சி கிடைத்தது (வச. 39). ஆகையால் தாயே, ஐயா, அந்தக் குற்றப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வையுங்கள். அது கர்த்தர் உங்கள்மேல் வைத்த பாரம் அல்ல.

மார்த்தாளும் மரியாளும் ஆண்டவரிடம் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்கமாட்டானே! (வச. 21, 32). இருவரில் ஒருவரையும் அவர் அதட்டவில்லை. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய வார்த்தையைக் கொடுத்தார். மரியாளோடோ சேர்ந்து அழுதார். உங்கள் கேள்வியையும் அவரிடம் தைரியமாய்க் கொண்டுபோகலாம்.

"அதெல்லாம் சரி பாஸ்டர், எங்கப்பா ஆண்டவரை ஏத்துக்காமலே போயிட்டாரே" என்று சிலர் ஏங்குகிறீர்கள். தன் கடைசி மணி நேரத்தில் ஒரு கள்ளன் ஆண்டவரிடத்தில் பேசினான், அவனுக்குப் பரதீசு கிடைத்தது (லூக். 23:42-43). அவன் வீட்டாருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ. நியாயாதிபதியின் ஆசனத்தில் நாம் உட்காரவேண்டாம். பூமியெங்கும் நியாயம் விசாரிக்கிறவர் அநீதி செய்யமாட்டார் என்பது ஆபிரகாம் பற்றிக்கொண்ட நிச்சயம் (ஆதி. 18:25).

3. நம்முடைய நம்பிக்கை எதின்மேல் நிற்கிறது?

காலம் போனால் ஆறிப்போகும் என்கிற நம்பிக்கை அல்ல இது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதின்மேல் நிற்கிறது.

லாசரு பிரேதத் துணிகளோடேயே வெளியே வந்தான். அவனுக்கு அவை மறுபடியும் தேவைப்பட்டன, ஏனென்றால் அவன் மீண்டும் ஒருநாள் மரிக்கவேண்டியவன். நம் ஆண்டவரோ சீலைகளைக் கல்லறையிலே விட்டுவிட்டு எழுந்தார் (யோவா. 20:6-7). அவருக்கு அவை இனி வேண்டாம்! அவரைப் பவுல் முதற்பலன் என்கிறார் (1 கொரி. 15:20). வயலில் முதல் கதிர் முற்றிவிட்டதென்றால் விவசாயிக்குத் தெரியும், அறுப்பு பின்னால் வருகிறது என்று.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று நாம் இறுதி அறிவிப்பில் அச்சடிக்கிறோமே, அது அலங்கார வார்த்தை அல்ல. ஆதி கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுத்த கிரேக்கப் பெயருக்கு, தூங்குகிற இடம் என்றுதான் அர்த்தம். தூங்குகிறவனை எழுப்ப ஒருவர் வருவார்.

4. இருளில் உட்கார்ந்திருந்த ஒரு மிஷனெரி

அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1812-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டவர்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. 1813-ல் நம்முடைய சென்னைக்கு வந்து, இங்கிருந்தே கப்பலேறி ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிரயாணத்திலேயே அவர்களுடைய முதல் பிள்ளை இறந்து பிறந்தது. 1826-ல் ஜட்சன் வெளியூரில் இருந்தபோது ஆன் மரித்தார். 1827-ல் இரண்டு வயது மகள் மரியாளும் போய்விட்டாள்.

ஜட்சன் உடைந்துபோனார். காட்டில் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். ஒரு குழியை வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற கருத்தில் கடிதம் எழுதினார். அவர் விசுவாசத்தை விட்டுப்போனவரா? இல்லை. கர்த்தர் அவரைக் கைவிடவில்லை. மெதுவாய் எழுந்து வந்தார். 1834-ல் பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார். பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் அதை வாசிக்கிறார்கள். ஆறுதல் எல்லாருக்கும் மூன்றாம் நாளிலே வந்துவிடுவதில்லை. சிலருக்கு வருஷங்கள் ஆகும்.

5. துக்க வீட்டில் சபை செய்யவேண்டியது

அ) பேச்சைக் குறையுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

ஆ) மரித்தவரின் பேரைச் சொல்லத் தயங்காதிருங்கள். தொற்காள் தைத்துக் கொடுத்த வஸ்திரங்களை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காண்பித்தார்கள் (அப். 9:39). நினைவுகூருவது பாவமல்ல.

இ) அடக்க ஆராதனையோடு நின்றுவிடாதிருங்கள். மூன்றாம் மாதத்தில், முதல் கிறிஸ்துமஸில் போய்ப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க், பென்ஷன் என்று அலைகிற விதவையோடு சபையிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். யாக்கோபு 1:27 சொல்லுகிற பக்தி இதுதான்.

ஈ) மாதங்கள் கடந்தும் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், "நானும் செத்துப்போனா நல்லாருக்கும்" என்று பேசினால், அவரைத் தனியே விடாதிருங்கள். ஜெபியுங்கள், தாமதிக்காமல் டாக்டரிடமும் அழைத்துப்போங்கள். சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலாவது கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான் (1 இராஜா. 19:4-8).

பிரியமானவர்களே, அழுகிறவர்கள் அழட்டும். அவர்கள் பக்கத்தில் நாம் இருப்போம். ஆண்டவரும் அங்கே இருக்கிறார். எக்காளம் தொனிக்கும், கல்லறைகள் திறக்கும், நாம் அவர்களை மறுபடியும் காண்போம். அந்த நாளுக்கு நீங்கள் ஆயத்தமா? இல்லையென்றால் இன்றே உங்கள் இருதயத்தை இயேசுவுக்குக் கொடுங்கள்.

ஜெபம்: கல்லறையண்டை கண்ணீர் விட்ட ஆண்டவரே, இதை வாசித்து அழுகிற உம்முடைய பிள்ளையின் அருகே இன்று நில்லும். குற்ற உணர்வை எடுத்துப்போடும். நீர் வருமளவும் தாங்கி நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.