குறை கூறுவோரே நம் ஆசான்

"குறையொன்றும் இல்லை" என்னும் விடை அலுவலர் செவிக்கு இனிது. கிராமத்திற்கோ அதனால் யாதொரு பயனும் இல்லை. கைப்பம்பின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

1960-களின் பிற்பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகளில் பொருத்தப்பெற்ற வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்தின் உபயோகத்திற்கென அமைந்தவை. ஊரே இறைத்தமையால் அவை முறிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இயங்கவில்லை என்பதை 1970-களில் மறைக்காது ஒப்புக்கொண்டதன் பயனே உறுதிமிக்க ‘இந்தியா மார்க் 2’ பம்பு. அதிலும் ஒரு தொல்லை: வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும். கோவைப் பகுதியில் 1983-இல் தொடங்கிய களச்சோதனையின் பயனாக, குழாயை எடுக்காமலே வாஷரை மாற்றத்தக்க ‘மார்க் 3’ உருவாயிற்று.

தேவாரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், முற்பகல் பதினொரு மணிக்குப் பம்பைப் பார்வையிட்டு, "நன்கு இயங்குகிறது" என்று எழுதப்போனேன். அருகில் நின்ற மூதாட்டி, "விடியலில் வந்து பாருங்கள் ஐயா, முப்பது தடவை அடித்தாலொழியத் தண்ணீர் வராது. அதற்குள் ஏலத்தோட்டத்து ஜீப் போய்விடும்" என்றார். அடிவால்வு கசிந்து, இரவில் குழாய்நீர் கீழிறங்கிவிடுகிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. பெண்கள் அன்றாடக் கூலியை இழக்கும் நிலையை என் குறிப்பு மறைத்திருக்கும்.

ஆகவே, "பம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்நேரத்தில், எத்தனை அடிக்குப் பின், யாருக்கு இடர் என்பவற்றையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். குறைப் பதிவேடு வெறுமையாக இருப்பின் மகிழற்க. மக்கள் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டனரோ என்று ஐயுறுக.