எருக்குழிப் புழுவும் தோற்கட்டுப் புழுவும்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு வருகிறது, ஆம்பூரில் பதனிடாத உலர்ந்த தோலை உதறினால் மயிர் அடர்ந்த சிறு புழு உதிர்கிறது. எருவிலும் தோலிலும் இவை தாமாகவே உண்டாகின்றனவா? இரண்டும் ஒரே வண்டின் புழுக்களா?

– ஒடுகத்தூர் வாசகர்

பதில்: அழுகலிலிருந்து ஜீவன் தானாகவே ஜனிக்கிறது என்று மேல்நாட்டுப் பண்டிதர்களும் நெடுங்காலம் நம்பியிருக்க, இத்தாலிய வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி, மெல்லிய துணியால் வாய் கட்டிய பாத்திரத்து இறைச்சியில் புழு காணாமையையும், திறந்து வைத்ததில் ஈ மொய்த்து முட்டையிட்ட பின்னரே புழுத்தமையையும் கண்டு 1668-இல் நூலாக வெளியிட்டார். தங்கள் எருக்குழியிலும் தோற்கட்டிலும் நிகழ்ந்தது இதுவே. தாய்வண்டு வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. ஆனால் வந்த தாய்கள் வெவ்வேறு ஜாதி.

குழியில் சுருண்டு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழு. சாணத்தையும் மக்கிய தென்னங்கட்டையையும் தின்று இருளில் மாதக்கணக்காக வளரும் அது, சிறகும் கொம்பும் பெற்று வெளியேறிய பிறகு அந்த ஆகாரத்தை நாடுவதேயில்லை. இரவில் பறந்து தென்னங்குருத்தைத் துளைத்து, நாரை மென்று சாற்றை உண்டு, சக்கையை வெளியே தள்ளுகிறது. விரியாத குருத்தில் இட்ட துளை, ஓலை விரிந்ததும் கத்தரியால் நறுக்கியது போன்ற முக்கோண வெட்டாகத் தெரியும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இலையே தனித்தனியாகப் போட்ட குடும்பம் இது.

தோல்வண்டு வீட்டிலோ யாவருக்கும் ஒரே பந்தி. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, முதுகு கறுத்து வயிறு வெளுத்த இந்த வண்டும் அதன் புழுவும் உலர்ந்த தோல், கருவாடு, பட்டுக்கூடு எதுவாயினும் சேர்ந்தே தின்னும். டெர்மெஸ்டிஸ் என்ற அதன் சாஸ்திரப் பெயருக்குக் கிரேக்க மொழியில் தோல்தின்னி என்பதே பொருள். எகிப்திய மம்மிகளிலும் இதன் எச்சங்கள் அகப்பட்டிருக்கின்றன. எலும்புக்கூட்டைச் சேதமின்றிச் சுத்தஞ்செய்ய அருங்காட்சியகங்களில் இதை வளர்ப்பதும் உண்டு. முற்றிய புழு அருகிலுள்ள மரச்சட்டத்தைக் குடைவது தின்பதற்காக அன்று. உள்ளே ஒடுங்கிக் கூட்டுப்புழுவாவதற்காக.

தங்களுக்கு அது உதிர்ந்தது பதனிடாத தோலில் என்பதைக் கவனியுங்கள். தொட்டியில் ஆவாரம்பட்டைச் சாறு ஊறியபின் பட்டையின் துவர்ப்பு தோலின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், அதுவரை இந்த வண்டுக்கு ஆகாரமாயிருந்த பொருள் பெரும்பாலும் ஆகாரமாகாமற் போகிறது. ஆகையால், உப்பு நன்றாக ஏறாமல் காய்ந்து மடிந்து கிடக்கும் கட்டுகளையே முதலில் பிரித்துப் பாருங்கள்.