மர அறுப்பு யந்திரத்திற்கு மாற்று மோட்டார் பொருத்துதல்

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் வீசிய கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களில் தென்னை மரங்கள் ஏராளமாய் வீழ்ந்தமை யாவரும் அறிந்ததே. விழுந்த மரத்தை வண்டியேற்றி வாளுக்குக் கொண்டுபோவதைக் காட்டிலும், வாளைத் தோப்பிற்கே இழுத்துச் செல்வது செலவு குறைவு. இக்கருத்துடன் சக்கரம் பூட்டிய நாடா ரம்ப யந்திரமொன்றை என் சரகத்துச் சங்கம் ஒன்று வைத்திருக்கிறது. அதன் 10 குதிரைச் சக்தி மோட்டார் தேய்ந்துபோனபோது நேர்ந்ததைக் கொண்டே இப்பாடத்தை எழுதுகிறேன்.

மோட்டார் கெட்டதென்று காரியதரிசி எழுதுவார். அதே குதிரைச் சக்தியில் புதியது வாங்கப் பஞ்சாயத்தார் தீர்மானிப்பர். விலைப்பட்டிகளில் குறைந்ததை இன்ஸ்பெக்டர் ஒப்புவார். நானும் அவ்விதமே ஒப்பினேன். பழைய மோட்டாரின் தகட்டில் நிமிஷத்திற்கு 1,440 சுற்று என்றிருந்தது. வந்திறங்கியதோ 2,880 சுற்றுடையது. அச்சின் கனம் இரண்டிற்கும் 38 மில்லிமீட்டர். தரையிலிருந்து அச்சின் உயரமும் 132 மில்லிமீட்டரே. ஆகையால் பழைய கப்பி தடையின்றி ஏறிற்று. பாதத்தின் துவாரங்கள் மாத்திரம் ஒத்துவரவில்லை. அவற்றைப் புதிதாய்த் துளைத்துக் கொண்டார்கள். துவாரம் ஒவ்வாததே எச்சரிக்கையென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணக்கை அப்பொழுதே போட்டிருக்க வேண்டும். மோட்டார்க் கப்பி 6 அங்குலம், ரம்பச் சக்கரத்தின் கப்பி 11 அங்குலம். 1,440-ஐ 6-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்தால், ரம்பச் சக்கரம் நிமிஷத்திற்குச் சுமார் 785 சுற்றுச் சுற்றும். 24 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6¼ அடி நாடாவை ஓட்டுமாதலால், நாடாவின் வேகம் நிமிஷத்திற்கு 4,900 அடிக்குச் சற்று மேல். இது தகுந்த வேகம். 2,880 சுற்றில் இதுவே இரட்டிப்பாகும். முதல் நாளே நாடா அறுந்தது. உறை மூடியிருந்ததால் உயிர்ச் சேதமில்லை. மோட்டார்க் கப்பியை 3 அங்குலமாகக் குறைத்தால் சரியாகுமென்றார் ஒருவர். அவ்வளவு சிறிய கப்பியில் 10 குதிரைச் சக்தியைக் கடத்தும் பெல்ட்டு வழுக்கும், சீக்கிரம் வெடிக்கும். ஆகவே குதிரைச் சக்தி, சுற்று, வோல்ட்டு, அச்சுக் கனம், பாதத் துவார இடைவெளி ஆகிய ஐந்தையும் பழைய தகட்டிலிருந்தும் அளவெடுத்தும் எழுதியே விலைப்பட்டி கேட்கவேண்டும்.

இனி, பழையது ஏன் தேய்ந்தது என்பது. இதை விசாரியாமல் புதியதைப் பொருத்தினால் அதற்கும் அதே கதிதான். இடம் விட்டு இடம் செல்லும் யந்திரத்திற்குப் பெரிய பகை நீண்ட மெல்லிய கம்பி. தோப்பின் கோடிக்கு இழுத்த கம்பியில் வோல்ட்டு குறைகிறது. 415 வோல்ட்டு மோட்டாருக்கு 332 வோல்ட்டே கிடைத்தால், ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு என்று எண்ணலாகாது. திருகு விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால் 100-க்கு 64 பங்கே எஞ்சும். மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறிச் சுருள் கருகும். தென்னைக்கோ வைரம் புறத்தில். ரம்பப் பல் விரைவில் மழுங்கிவிடும். மழுங்கிய பல்லை வலிந்து தள்ளும் பாரமும் மோட்டாரின் தலையிலேயே விழுகிறது. விசிறி மூடியில் மரத்தூள் அடைத்தால் கேட்கவேண்டியதே இல்லை. மூன்று பேஸில் ஒன்று அறுந்தபின் ஓடவிட்டும் பல மோட்டார்கள் எரிகின்றன. இதைத் தடுக்கும் கருவியும், தகட்டிலுள்ள ஆம்பியருக்குச் சரியாக வைத்த ரிலேயும் அவசியம்.

பொருத்தும் வேலையை லைசென்ஸ் பெற்ற ஒயர்மேன் செய்யட்டும். பியூஸைக் கழற்றி அவர் தம் பையிலேயே வைத்துக்கொள்வது நலம். கப்பியைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாகாது. அவ்வடி பேரிங்கின் குண்டுகளில் தழும்பாக விழும். இரு கப்பிகளின் முகத்திலும் நூல் பிடித்தால் அது நான்கு இடங்களில் படியவேண்டும். பெல்ட்டுகளை ஒரே செட்டாக மாற்றி, கப்பிகளுக்கிடையே ஓரடிக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் அமுங்கும்படி இறுக்குக. அதிகமாய் இறுக்கியதாலேயே நமது பழைய மோட்டாரின் முன் பேரிங்கு தேய்ந்திருந்தது. எர்த்துக் கம்பியை யந்திரச் சட்டத்திற்கும் சேர்க்க வேண்டும்.

நாடாவைப் பூட்டுமுன் வெறுமனே ஓட்டித் திசை பார்க்கவும். எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். பின்னர் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முதல் மரத்தை அறுத்து, அந்த அளவைத் தேதியுடன் குறித்து வைக்கவும். கழற்றிய மோட்டாரைச் சாமான் ரிஜிஸ்தரில் பதிந்து, சுருள் புதுப்பிக்க ஆகும் செலவை எழுத்து மூலம் கேட்டபின்பே ஏலத்தைப் பற்றிப் பஞ்சாயத்தார் தீர்மானிக்கலாம்.