திகதி இல்லாத இடப்பெயர்வு

எங்கள் வீட்டில் ஊரைவிட்டு வந்த கதைக்குத் திகதி உண்டு. 1990 ஒக்டோபர் என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மாதம் அது. உம்மம்மா இன்றும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். திகதியே இல்லாமல் ஊரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது, தீவகத்தின் நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, வேலணை, ஊர்காவற்றுறை எங்கும் ஆறு இல்லை. நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹேர்ஸ்பேர்க் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே வெறும் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து 4 மீற்றர் உவர் ஏறும்.

2016, 2017 போல மழை பொய்த்தால் வில்லை நிரம்பாது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டியதுபோல் சில நாட்களில் கொட்டினாலும் பெரும்பகுதி கடலுக்கே ஓடிவிடும். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போட முடியாது. 1900இலிருந்து உலகக் கடல்மட்டமும் சராசரியாக 20 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்துள்ளது.

கிணறு உவர்த்தால் வெங்காயமும் மிளகாயும் கருகும். மாடுகளுக்கும் தண்ணீர் தேட வேண்டும். பனை மட்டும் நிற்கும். பனையை நம்பி ஒரு கிழவர் சீவிக்கலாம், மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்க முடியுமா?

புங்குடுதீவார் கொழும்பில் கடை வைத்ததும், நெடுந்தீவிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் குடியேறியதும் பழைய செய்திகள். பின்னர் யுத்தம் தீவகத்தையே வெறுமையாக்கியது. ஆகவே காலநிலை மட்டுமே காரணம் என்று எழுதினால் அது பொய். ஆனால் “தண்ணீர் உவர்த்ததால் போகிறோம்” என்று யாரும் வாயால் சொல்லவும் மாட்டார்கள். “பிள்ளைகளின் படிப்புக்காக” என்பார்கள். மூத்தவன் முதலில் போவான், பிறகு பிள்ளைகள், கடைசியில் தாய் தகப்பன். கணக்கெடுப்பில் அது வறட்சி என்று பதிவாகாது.

போனவர்களோடு இன்னொன்றும் போகிறது. மழைநீரைத் தேக்கிய குளங்களையும் கேணிகளையும் தூர்வார ஆளில்லை. உவரைத் தடுத்த வரம்புகள் உடைந்தால் கட்டவும் ஆளில்லை. அதனால் நிலத்துக்குள் இறங்கும் மழை இன்னும் குறைகிறது, இருப்பவர்களின் கிணறும் உவர்க்கிறது. ஒரு குடும்பம் வெளியேறுவது அடுத்த குடும்பத்தையும் மெல்லத் தள்ளுகிறது.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிக்க அது உதவும், சந்தேகமில்லை. மின்சாரம் செலவழித்து உப்பகற்றிய நீரை நெல்வயலுக்கு யார் பாய்ச்சுவார்? வயலுக்கு வேண்டியது ஒக்டோபருக்கு முன்னர் தூர்வாரிய குளம். அதற்கு மண்வெட்டி பிடிக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும்.